கோல்ஃப் ஸ்விங்கில் உடற்சமநிலையும் எடைப் பகிர்வும்: ஒரு முழுமையான வழிகாட்டி

கோல்ஃப் பழகத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே கிடைத்துவிடும் அறிவுரை, "எடையை மாற்றி அடியுங்கள்" என்பது. எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்கு, எவ்வளவு, எந்தக் கணத்தில் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஆகவே பழகுபவர் உடலை ஒரு முறை வலப்பக்கம் சாய்த்து, பிறகு இடப்பக்கம் தள்ளி, இடையில் எப்படியாவது பந்தை அடித்துவிடப் பார்க்கிறார். பந்துக்குப் பின்னாலேயே மண் பெயர்கிறது. அல்லது கிளப்பின் (கோல்ஃப் மட்டையின்) அடி விளிம்பு பந்தின் உச்சியில் பட்டு, பந்து தரையோடு உருண்டு போகிறது. பெரும்பாலான புதியவர்களிடம் எடை மாற்றம் போதாமல் இருப்பதில்லை. அது தாமதமாக நடக்கிறது. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்தத் தாமதத்தைச் சரிசெய்வதற்காகவே அமைக்கப்பட்டவை.

இதில் சொல்லப்படுபவை எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கானவை. முன்கால் என்றால் இலக்கின் பக்கம் இருக்கும் இடக்கால்; முன்பாதம், முன்குதிகால், முன்முழங்கால் என்பவையும் அதற்குரியவையே. பின்கால் என்றால் வலக்கால். இடக்கையர் இவற்றை அப்படியே மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

எடை வேறு, அழுத்தம் வேறு

உடலின் எடைமையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பின் நடுவில் இருக்கிறது. நல்ல ஸ்விங்கில் (கிளப்பைச் சுழற்றி அடிக்கும் அசைவில்) இது பக்கவாட்டில் சில சென்டிமீட்டர் தொலைவுதான் நகரும். ஆனால் பாதங்கள் தரையை அழுத்தும் விசை, ஒரு பாதத்திலிருந்து மற்றொரு பாதத்துக்கு ஒரு நொடிக்குள் பெருமளவில் இடம் மாறுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் குழப்பத்தின் வேர். அழுத்தத்தை மாற்றச் சொன்னால் உடலையே தூக்கிக்கொண்டு போகிறோம்.

நின்ற இடத்திலேயே இதைச் சோதிக்கலாம். கால்களைத் தோளகலத்துக்கு விரித்து நின்று, வலப்பாதத்தின் உட்பக்கத்தால் தரையைச் சட்டென்று அழுத்துங்கள். உடல் இடப்பக்கம் தள்ளப்படுவதை உணர்வீர்கள். ஆக, பின்காலில் அழுத்தம் ஏறுவதே உடலை முன்பக்கம் அனுப்பும் முதல் விசை. பேக்ஸ்விங்கில், அதாவது கிளப்பைப் பின்னோக்கி உயர்த்தும்போது, பின்காலுக்குப் போவதன் நோக்கமே அங்கிருந்து உந்திப் புறப்படுவதுதான். அங்கேயே தங்கிவிட்டால் போன வேலை நடக்காது.

அழுத்தத்தை அளக்கும் தட்டுகள் மீது ஆட்டக்காரர்களை நிற்கவைத்துப் பார்க்கும்போது, தேர்ந்தவர்களிடம் ஏறத்தாழ இப்படியொரு ஓட்டம் தெரிகிறது: தொடக்கத்தில் சரிபாதி, பேக்ஸ்விங்கின் நடுவில் பின்காலில் 70 முதல் 80 சதவீதம், கிளப் உச்சிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அந்த அளவு குறையத் தொடங்கிவிடும், பந்தைத் தொடும்போது முன்காலில் 75 முதல் 85 சதவீதம். எல்லோரும் இதே வழியில் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கெவின் பால், ரஸ்ஸல் பெஸ்ட் ஆகிய ஆய்வாளர்கள் 62 ஆட்டக்காரர்களை அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு பாணிகள் தென்பட்டன. ஒரு பாணியில் அழுத்தம் பந்தைத் தொடும்வரை முன்காலை நோக்கியே செல்கிறது. மற்றொன்றில் முன்பக்கம் வந்த அழுத்தம், பந்தைத் தொடும் நேரத்தில் நடுப்பகுதிக்குத் திரும்புகிறது. இரண்டிலுமே திறமையானவர்கள் இருந்தனர். ஆயினும் கிளப் பந்தை நோக்கிக் கீழிறங்கும் டவுன்ஸ்விங்கின் தொடக்கத்தில் முன்காலை நோக்கி வருவது இரு பாணிகளுக்கும் பொதுவானது. புதியவர் பழக வேண்டியதும் அதைத்தான்.

படி 1: பாதங்களை அமைத்தல்

வெறுங்காலுடன் வீட்டுத் தரையில் தொடங்குவது நல்லது. அமெரிக்க ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் வெறுங்காலுடன் அடித்துப் பழகியவர் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. வெறுங்கால் எதையும் மறைக்காது. அளவு மீறி வேகமாகச் சுழற்றினால் உடனே தடுமாற்றம் தெரிந்துவிடும். தடித்த மென்மையான அடிப்பகுதி கொண்ட ஓட்டக் காலணிகள் இதற்கு நேரெதிரானவை. அவற்றின் உயர்ந்த குதிப்பகுதி உடலை முன்னோக்கிச் சாய்க்கும். பஞ்சு போன்ற அடிப்பகுதி பக்கவாட்டில் நசுங்கும்.

நடுத்தர அயர்ன் (உலோகத் தகடு போன்ற தலை கொண்ட கிளப்) ஷாட்டுக்குக் குதிகால்களின் இடைவெளி தோளகலம் இருந்தால் போதும். குறுந்தொலைவுக்கான வெட்ஜ் கிளப்புக்குச் சற்றுக் குறைய வேண்டும். நெடுந்தொலைவுக்கான டிரைவர் கிளப்புக்குச் சற்றுக் கூட வேண்டும். அகலமாக நின்றால் உறுதி கிடைக்கும் என்று நம்பிக் கால்களை மிகவும் பரப்புபவர்கள் உண்டு. அப்படி நின்றால் இடுப்பு சுழலாது. முன்காலுக்கு வந்துசேர வேண்டிய தொலைவும் கூடிவிடும். முன்பாத நுனியை இலக்கின் பக்கமாக 20 முதல் 30 டிகிரி திருப்பி வைக்க வேண்டும். பின்பாதத்தை நேராகவோ, மிகச் சிறிதளவு வெளிப்பக்கம் திருப்பியோ வைக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பாதத்தை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே திருப்பிக்கொள்ளலாம். ஸ்விங்கின் முடிவில் அந்த மூட்டின் மீது விழும் முறுக்கு அதனால் குறையும்.

அடுத்தது, குதிகாலுக்கும் விரல்களுக்கும் இடையிலான பகிர்வு. இடுப்பிலிருந்து குனிந்து, முழங்கால்களைப் பூட்டாமல் லேசாகத் தளர்த்தி நிற்கும்போது, எடை பாதத்தின் நடுப்பகுதியில், ஷூவின் கயிறு கட்டும் இடத்துக்கு நேர்கீழே இறங்க வேண்டும். நின்ற நிலையில் கால்விரல்களை ஷூவுக்குள் அசைத்துப் பாருங்கள். பிறகு குதிகால்களைச் சிறிதே தூக்கிப் பாருங்கள். இரண்டும் தடுமாறாமல் முடிந்தால் அமைப்பு சரி. விரல்கள் தரையைக் கவ்விப் பிடித்திருந்தால் உடல் முன்னால் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

படி 2: கிளப்புக்கு ஏற்ற தொடக்கப் பகிர்வு

நடுத்தர அயர்னுக்குச் சரிபாதி. டிரைவரில் பந்து டீயின் (பந்தை உயர்த்தி வைக்கும் சிறு முளையின்) மேல், முன்குதிகாலுக்கு நேராக இருப்பதால், முதுகுத்தண்டு இலக்கிலிருந்து சற்றுப் பின்சாய்ந்து, பின்காலில் ஏறத்தாழ 55 சதவீதம் தங்கும். கிளப் மேலேறும் போக்கில் பந்தைத் தொடுவதற்கு இது உதவும். குழி இருக்கும் குறும்புல் தளமான க்ரீனுக்கு அருகிலிருந்து ஆடும் சிறு சிப் ஷாட்டுக்கு முன்காலில் 60 முதல் 70 சதவீதம் வைத்து, ஷாட் முடியும்வரை அங்கேயே விட்டுவிட வேண்டும். க்ரீனில் பந்தை உருட்டிக் குழியில் இடும் பட்டிங்கில் பகிர்வு எவ்வளவு என்பதைவிட அது அசையாமல் இருப்பதே முக்கியம்.

படி 3: பேக்ஸ்விங்

கிளப் பின்னால் நகரத் தொடங்கியதுமே அழுத்தம் பின்காலுக்கு ஏற வேண்டும். இடுப்பு பக்கவாட்டில் சறுக்காமல் சுழல வேண்டும். அழுத்தம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது: பின்பாதத்தின் உட்பக்கமும் குதிகாலும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்புக்கு அது உருண்டுவிட்டால், முழங்கால் வெளிப்பக்கம் வளைந்து, இடுப்பு பாதத்துக்கு வெளியே போய்விடும். அந்த இடத்திலிருந்து திரும்பி வர நேரம் போதாது. பின்பாதத்தின் வெளிவிளிம்புக்கு அடியில் ஒரு கோல்ஃப் பந்தைச் செருகி வைத்துக்கொண்டு சில முறை சுழற்றினால், வெளியே உருளும் பழக்கம் விரைவில் அடங்கிவிடும்.

இதற்கு எதிரான பிழை ஒன்றும் உண்டு. தலையை அசைக்கவே கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உடலை முன்காலின் மீதே சாய்த்தபடி கிளப்பை உயர்த்துபவர்கள், டவுன்ஸ்விங்கில் வேறு வழியின்றிப் பின்காலில் போய் விழுவார்கள். எடை தலைகீழாக மாறும் இந்த நிலையில் பந்தின் உச்சியில் அடி படுவதும் (டாப்), பந்து வலப்பக்கம் வளைந்து போவதும் (ஸ்லைஸ்) இயல்பு. கீழ்முதுகுக்கும் இது நல்லதல்ல. தலை சில சென்டிமீட்டர் பின்னால் போவதில் தவறேதும் இல்லை.

முன்குதிகால் தரையை விட்டு எழலாமா என்பது பழைய விவாதம். மேஜர் எனப்படும் முதன்மைப் போட்டிகளில் 18 பட்டங்களை வென்ற ஜாக் நிக்லஸ் தமது சிறந்த ஆண்டுகளில் அதை நன்றாகவே உயர்த்தினார். இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலர் அதைத் தரையிலேயே வைத்திருக்கிறார்கள். என் கருத்தில், இடுப்பு நெகிழ்வு குறைந்த நடுத்தர வயதினர் குதிகால் தானாக எழுந்தால் எழட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது. தானாக எழுவதற்கும் வேண்டுமென்றே தூக்குவதற்கும் வேறுபாடு உண்டு. வேண்டுமென்று தூக்கினால் சமநிலை குலையும்.

படி 4: திரும்பும் கணம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பழக முடியும் என்றால், இதைப் பழகுங்கள்.

தேர்ந்த ஆட்டக்காரரின் பேக்ஸ்விங்குக்கு ஏறத்தாழ முக்கால் நொடியும், டவுன்ஸ்விங்குக்குக் கால் நொடியும் ஆகின்றன. அந்தக் கால் நொடிக்குள் ஒரு முடிவெடுத்து எடையை மாற்ற எவராலும் முடியாது. கிளப் உச்சிக்குப் போய் நின்ற பிறகு முன்காலுக்கு வரலாம் என்று காத்திருந்தால், இடுப்பு புறப்படுவதற்கு முன்பே கைகள் கீழே வந்துவிடும். கிளப் பந்தை எட்டும்போது உடல் இன்னும் பின்காலில் நிற்கும். ஸ்விங் வட்டத்தின் தாழ்புள்ளி பந்துக்குப் பின்னால் விழும். மண் முதலில், பந்து அடுத்து. முன்னே சொன்ன பெயர்ந்த மண்ணின் காரணம் இதுதான்.

ஆகவே கிளப் இன்னும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே கீழுடல் முன்னோக்கிப் புறப்பட வேண்டும். இடக்கை தரைக்கு இணையாக வந்து, கிளப் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், முன்பாதத்தின் விரல்மேட்டில் அழுத்தம் ஏறத் தொடங்க வேண்டும். பிறகு டவுன்ஸ்விங் நடக்கும்போது அது குதிகாலை நோக்கிப் போகும். மேலே ஒரு திசை, கீழே மறு திசை என்று உடல் ஒரு கணம் இரண்டாக இழுபடுவதைப் போலிருக்கும். முதுகின் பின்பக்கத்திலும் இடத்தொடையின் வெளிப்பக்கத்திலும் அந்த இழுப்பை உணர்ந்தால் நேரம் சரியாக அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஒரு பயிற்சியால் எளிதில் உணர்த்தலாம். பந்தின் முன் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து நில்லுங்கள். கிளப்பைப் பின்னால் கொண்டுபோங்கள். கிளப் இடுப்பு உயரத்தைத் தாண்டி மேலேறும்போதே, முன்காலை இலக்கின் பக்கம் ஓரடி எடுத்து வையுங்கள். கால் தரையில் ஊன்றிய பிறகுதான் கிளப் கீழே வர வேண்டும். முதலில் பந்தில்லாமல், பிறகு டீ மேல் வைத்த பந்தை அரை வேகத்தில் ஏழாம் நம்பர் அயர்னால் அடித்துப் பழகலாம். முன்காலில் டிரைவ் ஆடிப் பழகிய கிரிக்கெட் மட்டையாளர்களுக்கு இந்த அடி எடுத்து வைத்தல் மிக விரைவில் கைவந்துவிடுகிறது. ஆனால் அவர்களுக்கு முன்முழங்கால் வளைந்தபடியே இருந்துவிடும் பழக்கமும் கூடவே வரும். அதற்கான மருந்து அடுத்த படியில்.

படி 5: பந்தைத் தொடும் கணம்

அழுத்தம் முன்காலுக்கு வந்துசேர்ந்ததும், அந்தக் கால் தரையைக் கீழ்நோக்கித் தள்ளி நிமிர வேண்டும். வளைந்திருந்த முன்முழங்கால் நேராகிறது. இடுப்பின் இடப்பக்கம் மேல்நோக்கியும் பின்னோக்கியும் விலகிச் சுழற்சிக்கு வழிவிடுகிறது. நெடுந்தொலைவு அடிப்பவர்களிடம் இந்த உந்துதலின் உச்ச விசை அவர்களுடைய உடல் எடையையும் தாண்டும். ஜஸ்டின் தாமஸ் டிரைவரால் அடிக்கும்போது இரு குதிகால்களும் தரையை விட்டு எழுந்திருப்பதைப் படங்களில் காணலாம். ஆனால் அது விளைவு; குதிகாலைத் தூக்குவதைப் பயிற்சியாகச் செய்வதில் பயனில்லை.

இன்றைய ஆட்டத்தில் இன்னும் வியப்பான காட்சி, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் மாஸ்டர்ஸ் என்ற மேஜர் போட்டியை வென்ற ஸ்காட்டி ஷெஃப்லரின் பின்கால். பந்தைத் தொடும் நேரத்தில் அது புல்லில் வழுக்கிக்கொண்டு முன்காலின் பின்புறமாக நகர்ந்துவிடுகிறது. பார்ப்பவர்களுக்குத் தடுமாறி விழப்போகிறார் என்று தோன்றும். அவர் விழுவதில்லை, ஏனெனில் அந்த நேரத்தில் பின்காலில் வழுக்கிக் கெடுவதற்கு எடையே மிச்சமில்லை. அசையாமல் நிற்பதுதான் சமநிலை என்று எண்ணுபவர்கள் அவருடைய ஸ்விங்கை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது நல்லது.

முன்பின் சமநிலையும் இந்தக் கணத்தில்தான் சோதிக்கப்படுகிறது. டிரைவரின் தலை ஏறத்தாழ 200 கிராம் எடை கொண்டது. அது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் 1.6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுற்றுவதாகக் கணக்குப் போட்டால், கைகளை வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 20 கிலோ எடைக்கு நிகராக வருகிறது. அந்த இழுப்பு உங்களைப் பந்தின் பக்கம், அதாவது கால்விரல்களின் மீது சாய்க்கப் பார்க்கும். அதற்கு ஈடுகொடுக்கத்தான் முன்காலின் அழுத்தம் குதிகாலுக்குப் போக வேண்டும் என்று சொல்வது. குதிகாலுக்குப் போகாமல் விரல்களிலேயே நின்றால் கைகள் பந்துக்கு அருகே தள்ளப்பட்டு, கிளப்பின் கழுத்தில் பந்து பட்டு, அது வலப்பக்கம் வெகுவாக விலகிப் பறக்கும்.

படி 6: முடிவு நிலை

ஸ்விங் முடிந்ததும் ஏறத்தாழ முழு எடையும் முன்காலின் வெளிப்பாதியிலும் குதிகாலிலும் நிற்க வேண்டும். இடுப்பும் மார்பும் இலக்கைப் பார்க்க வேண்டும். பின்கால் ஷூவின் நுனி மட்டும் தரையைத் தொட வேண்டும். பந்து தரையில் விழும்வரை இந்த நிலையில் நில்லுங்கள். பின்காலை ஒரு விரல் உயரம் தூக்கினாலும் விழாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் முந்தைய படிகளில் ஏதோ ஒன்று நடக்கவில்லை. ஒரு பருவம் ஆடிய பின் ஷூக்களைப் புரட்டிப் பார்ப்பதும் பயன் தரும்: பின்கால் ஷூவின் முனை தேயாமல் புதிது போலவே இருந்தால், அந்தக் கால் தன் வேலையை முடித்து எழவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

முடிவு நிலையில் நிற்பது கடினமாக இருப்பவர்கள், தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் கேரி பிளேயர் செய்ததைப் போல, அடித்த கையோடு பின்காலை முன்னால் எடுத்து வைத்து இலக்கை நோக்கி ஓரடி நடந்துவிடலாம். பின்காலில் தங்கிப்போகும் பழக்கத்துக்கு இதைவிட எளிய மருந்து கிடையாது.

வீட்டிலும் பயிற்சித் திடலிலும் பழகுவது

வீட்டில் எடை பார்க்கும் இயந்திரங்கள் இரண்டு இருந்தால், பாதத்துக்கு ஒன்றாக வைத்து அவற்றின் மீது நின்று, தொடக்க நிலை, பேக்ஸ்விங் நடு, முடிவு நிலை ஆகியவற்றில் ஒவ்வொன்றாக நின்று எண்களைப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ளவருக்குச் சரிபாதி என்பது 35, 35. சரியாகத்தான் நிற்கிறோம் என்று நினைப்பவர்களுக்குக்கூட முதல் முறை எண்கள் வேறு கதை சொல்லும். நின்ற நிலைகளை மட்டுமே இப்படி அளக்க முடியும். இயந்திரத்தின் மீது ஸ்விங் செய்வது ஆபத்து.

ஒரு காலில் நிற்கும் பயிற்சியை நாள்தோறும் செய்யலாம். ஒவ்வொரு காலிலும் 30 நொடி, பிறகு கண்களை மூடிக்கொண்டு. வயது ஏற ஏற இது மிகவும் தேவைப்படும். வயதானவர்கள் சுவரின் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும்.

டிரைவிங் ரேஞ்ச் எனப்படும் பயிற்சித் திடலில் உள்ள செயற்கைப் புல் விரிப்பு உங்களை ஏமாற்றும். பந்துக்குப் பின்னால் அடித்தாலும் கிளப் அதன் மேல் சறுக்கிப்போய்ப் பந்தை ஓரளவு நன்றாகவே அனுப்பிவிடும். பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். இயற்கைப் புல்லாக இருந்தால், பந்து இருந்த இடத்தைத் தாண்டித்தான் டிவோட் (கிளப் பெயர்த்தெடுக்கும் புல்துண்டு) தொடங்க வேண்டும்.

சரிவுகளில்

சென்னை நந்தனத்தின் காஸ்மோ மைதானத்தைப் போன்ற சமதளத்தில் பழகியவர், உதகமண்டலத்திலோ, கொடைக்கானலிலோ, நுவரெலியாவிலோ ஆடப் போகும்போதுதான் சமநிலையின் உண்மையான விலை தெரியும். அங்கே தட்டையான நிலையில் பந்து கிடைப்பதே அரிது.

ஏற்றத்தில் நிற்கும்போது தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்தால் எடை தானாகவே தாழ்ந்த பின்காலில் தங்கும். முன்காலுக்கு முழுதாக வர முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, வழக்கத்தைவிட ஒரு படி நீளமான (ஒரு நம்பர் குறைந்த) கிளப்பை எடுத்து, முக்கால் ஸ்விங்கோடு நிறுத்துங்கள். பந்து உயர்ந்து, இடப்பக்கம் போகும். இறக்கத்தில் எடை முன்காலில் தங்கும். பந்து தாழ்ந்து, வலப்பக்கம் போகும். இங்கே கேரி பிளேயரின் நடைதான் கைகொடுக்கும்.

பந்து பாதங்களைவிட உயரத்தில் இருந்தால் சரிவு உங்களைக் குதிகாலின் பக்கம் தள்ளும். எடையைச் சற்று விரல்மேட்டுக்குக் கொண்டுவந்து, கிளப்பைத் தாழ்த்திப் பிடியுங்கள். பந்து இடப்பக்கம் வளையும். பந்து பாதங்களுக்குக் கீழே இருப்பதுதான் நான்கிலும் கடினமானது: குதிகாலில் அமர்ந்து, முழங்கால்களைக் கூடுதலாக வளைத்து, ஸ்விங் முடியும்வரை அந்த உயரத்தை மாற்றாமல் இருக்க வேண்டும். எந்தச் சரிவிலும் பந்தைத் தொடுவதற்கு முன் இரண்டு முறை வெறும் ஸ்விங் செய்து, கிளப் எங்கே புல்லைத் தொடுகிறது, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வசதியாக நிற்பதற்காகக் காலடியில் எதையும் அமைத்துக்கொள்ள விதிகள் இடம் தருவதில்லை. 1987இல் அமெரிக்காவின் டோரி பைன்ஸ் மைதானத்தில் நடந்த போட்டியில் ஆட்டக்காரர் கிரெய்க் ஸ்டாட்லர், மரத்தடியில் மண்டியிட்டு அடிக்க வேண்டிய நிலையில், கால்சட்டை அழுக்காகாமல் இருக்க ஒரு துண்டை விரித்து அதன் மீது மண்டியிட்டார். அது விதிமீறல் என்று பின்னர் தெரியவந்து, அவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்.

பங்கர் எனப்படும் மணற்குழியில் ஒரு சலுகை உண்டு. நிற்பதற்கு உறுதி கிடைக்கும் அளவுக்குப் பாதங்களை மணலில் புதைத்துக்கொள்ளலாம். அப்படிப் புதைத்து, முன்காலில் ஏறத்தாழ 60 சதவீதம் வைத்து, அதை மாற்றாமல் பந்துக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் மணலை அடிக்க வேண்டும். பாதங்கள் எவ்வளவு ஆழம் இறங்கினவோ அவ்வளவு கிளப்பைத் தாழ்த்திப் பிடிக்க மறக்கக் கூடாது. இல்லையென்றால் கிளப் தேவைக்கு மேல் மணலுக்குள் இறங்கி, பந்து பங்கரிலேயே கிடக்கும்.